முப்பத்தொரு கிருஷ்ணர்களும் ஒரு பேட்டரியும்

சிங்கப்பூரிலிருந்து தென்காசிக்கு ஒரு புல்லாங்குழல் கொண்டுபோனேன். முதுகுக்குப் பின்னால் மலை நிறைய மூங்கில் வைத்திருக்கும் ஊருக்கு, பிளாஸ்டிக்கில். ஊத வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் தானே பாடும், ஏழு நிறத்தில் மினுக்கும், ஐஸ்கிரீம் வண்டி மெட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும். பிருந்தாவனத்தில் இதை வாசித்திருந்தால் பசுக்கள் அன்றே கயிற்றை அறுத்துக்கொண்டு மதுரா போய்ச் சேர்ந்திருக்கும்.

கேட்டது என் மனைவியின் தங்கை பேச்சியம்மாள். காவல்துறையில் ஏட்டு. அவள் மகள் யாழினிக்கு நான்கரை வயது. கிருஷ்ண ஜெயந்தி மாறுவேடப் போட்டியில் அவள்தான் கிருஷ்ணன்.

"போன வருசம் ஜெயிச்ச பிள்ளை குழல்ல லைட் எரிஞ்சுது அத்தான். நம்ம பிள்ளை மூங்கிலை வச்சிக்கிட்டு நின்னா யாரு பாப்பா?" என்றாள் போனில்.

போலீஸ் கேட்டு மறுத்த கவிஞன் யார் இருக்கிறான்? வாங்கினேன்.

விமான நிலையத்தில் என் பெட்டி எக்ஸ்ரே திரைக்குள் போய் நின்றது. அதிகாரி பெட்டிக்குள் இருந்ததைக் கறுப்பு வெள்ளையில் நெடுநேரம் பார்த்தார். என் கவிதைக் குறிப்பேடு அவருக்கு மங்கலாகக்கூடத் தெரியவில்லை. குழல் மட்டும் தெரிந்தது. வெளியே எடுத்து, அடியிலிருந்த மூடியின் திருகாணியைக் கழற்றினார். உள்ளே சட்டைப் பொத்தானைப்போல வெள்ளியாய் மூன்று பேட்டரிகள். திருப்தியாகி மூடியை அழுத்தினார். திருகாணி எங்கோ உருண்டு போயிருந்தது. "ரப்பர் பேண்ட் போட்டுக்கங்க சார்" என்றார். போட்டுக்கொண்டேன். கவிதை வரி உடைந்தால் நாலு நாள் தூங்காதவன், ஒரு மூடியை ரப்பர் பேண்டில் நம்பிவிட்டு விமானத்தில் குறட்டை விட்டேன்.

தென்காசியில் சாரல் என்னை வரவேற்கும், அதை இரண்டு பக்கம் எழுதலாம் என்று திட்டமிட்டிருந்தேன். வரவேற்றது ஆட்டோ. ஓட்டுநர் கீழப்பாவூர்க்காரர். கண்ணாடிக்கு மேல் நரசிம்மர் படம் ஒட்டியிருந்தார். பழக்க தோஷத்தில் இருக்கையின் இரு பக்கமும் தடவினேன்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய?"

"சீட் பெல்ட்."

அவர் வண்டியை நிறுத்தி, திரும்பி, என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "நரசிம்மர் இருக்காருலா? பெறவு என்ன?"

சிங்கப்பூரில் பேருந்து வர மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம். கூட ஒரு நிமிடம் ஆனால் மக்கள் முகம் சுண்டிவிடும். இங்கே பெரிய கோபுர வாசலைத் தாண்டுவதற்குள், மலையிலிருந்து சுழன்று வந்த காற்று என் தொப்பியைக் கழற்றி ஒரு பூக்கடைக்காரர் மடியில் போட்டது. அவர் அதில் கொஞ்சம் மல்லிகை போட்டுத் திருப்பித் தந்தார். எவ்வளவு என்று கேட்டேன். "தொப்பிக்கா, பூவுக்கா?" என்றார்.

வீட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேடைக்கு எடுத்துக்கொண்ட கதை, கண்ணன் மண்ணைத் தின்ற கதை. யசோதையாகப் பேச்சி, சீருடையும் பெல்ட்டுமாக.

"கிருஷ்ணா! மண்ணைத் தின்னியா?"

"அம்மா, நான் மண்ணைத் திங்கவே இல்லை!"

"வாயைத் திற!"

யாழினி இரண்டு கையையும் விரித்து, கண்ணை உருட்டி, ஆவென்று வாயைத் திறப்பாள்.

"ஆகா! அண்டமே தெரியுதே!" என்று பேச்சி விறைத்து நிற்பாள், ஆயுதப்படை மைதானத்தில் நிற்பதுபோல.

பத்து நாளாக இதே அணிவகுப்பு. பயிற்சி முற்றிப்போய், யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்றாகியிருந்தது. "பல்லு தேச்சியா?" என்றால் "நான் மண்ணைத் திங்கவே இல்லை." "மிச்ச தோசை எங்க?" என்றால் "நான் மண்ணைத் திங்கவே இல்லை." பனிமலைப் பக்கம் எங்கோ எல்லைக் காவலில் இருக்கும் அவள் அப்பா வீடியோவில் வந்தார். அவரும் ராணுவக் குரலில் "வாயைத் திற" என்றார். இவள் திறந்தாள். அண்டம் தெரிவதற்குள் நெட்வொர்க் போய்விட்டது.

குழலைக் கொடுத்தேன். யாழினி பொத்தானை அழுத்தினாள். அதன்பின் அன்றிரவு வரை அந்த வீட்டில் யாரும் மனதுக்குள்கூட வேறு மெட்டுப் பாட முடியவில்லை.

மறுநாள் குற்றாலம். அருவியைப் பற்றி எழுத ஒரு புது நோட்டே வாங்கியிருந்தேன். பேருந்து நிலையத்தை ஒட்டிப் பழக்கடைகள். மங்குஸ்தான், ரம்புட்டான், நடுவில் முள்ளோடு துரியன். சிங்கப்பூரில் ரயிலுக்குள் துரியன் கொண்டுவரக்கூடாது என்று படம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள், ஏதோ வெடிகுண்டு மாதிரி. இங்கே அது மருந்து.

"அண்ணாச்சிக்கு எத்தனை பிள்ளைய?" என்றார் கடைக்காரர், விலையைச் சொல்லும் முன்.

"இல்லை."

"அப்போ துரியன் எடுத்துட்டுப் போங்க. கட்டாயம் உண்டாவும்."

"எனக்கு ஐம்பத்திரண்டு."

"பழத்துக்கு உங்க வயசு தெரியவா போவுது?" என்றார். இருபது வருடத்தில் மூன்று நாடுகளின் மருத்துவர்கள் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

எண்ணெய் தேய்த்துவிடுபவர் என்னைக் கல்லில் உட்காரவைத்து, பரம்பரைப் பகையைத் தீர்ப்பதுபோலத் தேய்த்தார். "ஏசியில கெடந்து இறுகிப்போன உடம்பு. உள்ள இருக்கதெல்லாம் இன்னைக்கி எளகிரும்" என்றார். எலும்புக்குள்ளிருந்து எனக்கே தெரியாத சத்தங்கள் வந்தன. தலை முதல் கால் வரை பளபளவென்று எழுந்து அருவியை நோக்கி நாலு அடி வைத்தேன். மேலே மலையில் மழை. அருவி செம்மண் நிறத்துக்கு மாறியது. அபாயச் சங்கு ஊதியது. கூட்டம் பின்வாங்கியது. கயிறு கட்டினார்கள்.

எண்ணெய் இருக்கிறது, அருவி இருக்கிறது, நடுவில் சட்டம். கயிற்றைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். காதைக் கிழித்துக்கொண்டு விசில்.

"ஏய், அங்கன யாரு! கயித்தை விடும் வே!"

திரும்பினால் பேச்சி.

"அத்தான், நீங்களா? போலீஸ்காரி வீட்டு ஆளே கயித்தைத் தாண்டுனா ஊர்ல உள்ளவன் நிப்பானா?"

"எண்ணெயோட நிக்கிறேன் பேச்சி."

"இங்கன நானூறு பேரு எண்ணெயோடதான் நிக்காவ. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள், குரலில் ஏட்டு இல்லாமல். வெள்ளத்தால் நாளை எல்லோருக்கும் விடுப்பு ரத்து. போட்டிக்கு அவளால் வர முடியாது.

"நீங்கதான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போணும். யசோதை வசனத்தை மேடைக்குக் கீழ நின்னு சொல்லிருங்க."

"நான் பிள்ளை வளர்த்ததே இல்லையே."

"ரெண்டு மணி நேரந்தான் அத்தான். பாத்துக்கிட்டா போதும்."

குளிக்காமலே திரும்பினேன். பேருந்தில் ஒவ்வொரு வளைவிலும் வழுக்கி, பக்கத்திலிருந்தவர் மடிக்கும் ஜன்னலுக்கும் மாறி மாறிப் போய்வந்தேன். என் அருவி நோட்டில் அன்று விழுந்தது ஒரு பெரிய எண்ணெய்க் கறை மட்டும். நான் எழுதியவற்றில் அதுதான் ஆழமாக இறங்கியது.

மூன்றாம் நாள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது யாழினியோடு சேர்த்து முப்பது கிருஷ்ணர்கள் இருந்தார்கள். வான நீலம், பேனா மை நீலம், வீட்டுச் சுவருக்கு வாங்கி மிஞ்சிய நீலம். ஒரு கிருஷ்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கிருஷ்ணன் இன்னொரு கிருஷ்ணனை மூன்றாவது கிருஷ்ணனின் கிரீடத்தால் அடித்துக்கொண்டிருந்தான். தாய்மார்கள் ஒருவர் பிள்ளையை ஒருவர் ஓரக்கண்ணால் எடைபோட்டார்கள். அவதாரம் எடுத்தபோதுகூடக் கண்ணனுக்கு இத்தனை போட்டி இருந்திருக்காது. கம்சன் ஒருவன்தான்.

மேடைக்கு ஏறும் படி அருகே பூச்சுற்றிய ஒரு தொட்டில். அதில் நீலவண்ணம் பூசிய மண்பொம்மை, தவழும் கண்ணன், சிரித்தபடி வாயைத் திறந்து வைத்திருப்பவன். மேடைக்குப் போகும்முன் ஒவ்வொரு பிள்ளையும் அதன் வாயில் விரல்நுனி அளவு வெண்ணெய் வைத்து, தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும். அது அவர்கள் வழக்கம். பொம்மையின் வாய் ஏற்கெனவே நிரம்பி வெண்ணெய் முகவாயில் வழிந்தது.

"பதினாறாம் எண் கிருஷ்ணர் மேடைக்கு வரவும். பதினேழாம் எண் கிருஷ்ணர் தயாராக இருக்கவும். பாத்ரூமில் இருக்கும் கிருஷ்ணர்கள் வேகமாக வரவும்" என்றது ஒலிபெருக்கி.

எங்களுடையது பதினேழு. யாழினி தொட்டிலருகே போய் நின்றாள். குழல் கையில் பாடிக்கொண்டிருந்தது. அப்போது சிங்கப்பூரிலிருந்து மனைவி அழைத்தாள். "பிள்ளை எப்பிடி இருக்கா? போட்டோ அனுப்பலியே?" மைக் சத்தத்தில் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினேன். ஒரு நிமிடம். மிஞ்சினால் இரண்டு.

பேசி முடித்தபோது உலகம் அமைதியாக இருந்தது. அந்த மெட்டு நின்றிருந்தது. முப்பது வருடமாக மௌனத்தைப் பற்றி எழுதிக் குவித்தவன், அன்றுதான் அதை மனதாரப் புகழ்ந்தேன். அப்புறம்தான் குழலைப் பார்த்தேன். ரப்பர் பேண்ட் இல்லை. மூடி இல்லை. உள்ளே இரண்டு பேட்டரிகள்.

தரையைத் தடவினேன். அவள் இடுப்புத் துணியை உதறினேன். இல்லை.

"யாழினி, இன்னொரு பேட்டரி எங்கேம்மா?"

"நான் மண்ணைத் திங்கவே இல்லை."

"வாயைத் திற."

கையை விரித்தாள், கண்ணை உருட்டினாள், திறந்தாள். பால்பற்கள், அவல், நீலச் சாயம் ஏறிய நாக்கு. அதற்கப்பால் இருட்டு.

எனக்குக் குழந்தை இல்லை, செய்தித்தாள் உண்டு. இந்தப் பொத்தான் பேட்டரியை விழுங்கிய பிள்ளைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். தொண்டையில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும். பேச்சியை அழைத்தேன். மூன்று சொல்தான் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

வாசலில் அதே கீழப்பாவூர் ஆட்டோ. விஷயம் கேட்டதும் அவர் ஆக்சிலேட்டரை முறுக்கினார். எதிரே உறியடி ஊர்வலம் தெருவை அடைத்து வந்தது. ஆரனிலிருந்து கையை எடுக்காமல், பானைகளுக்கும் சேற்றில் நனைந்த இளவட்டங்களுக்கும் நடுவே நுழைந்தார். "வழி விடுங்கலே! கிருஷ்ணனுக்கு உடம்பு சரியில்ல!" என்று கத்தினார். ஊர்வலம் பிளந்து வழிவிட்டது. ஒரு சிலர் கும்பிட்டார்கள். யாழினி மடியிலிருந்து கைதூக்கி ஆசீர்வதித்தாள்.

நாங்கள் மருத்துவமனைக்குள் நுழையும்போதே பேச்சி யாருடைய பைக்கிலோ பின்னால் வந்து குதித்தாள். அருவி நீர் சொட்டும் சீருடை. மகளை மேசையில் உட்காரவைத்துக் குனிந்தாள். எத்தனையோ களவாணிகளைப் பேசவைத்தவள்.

"ஏட்டி, அம்மாட்ட உண்மையைச் சொல்லணும். அடிக்க மாட்டேன். தின்னியா, இல்லியா?"

"அம்மா, நான் மண்ணைத் திங்கவே இல்லை!"

"மண்ணில்லட்டி, பேட்டரி! வாயைத் திற!"

யாழினி கையை விரித்தாள். கண்ணை உருட்டினாள். வாயைத் திறந்து காத்திருந்தாள். பேச்சி அந்த வாய்க்குள் பார்த்தபடியே நின்றாள்.

யாழினி வாயை மூடாமலே, ரகசியக் குரலில், "அம்மா... நீ அண்டம்னு சொல்லணும்" என்று எடுத்துக்கொடுத்தாள்.

மருத்துவர் எக்ஸ்ரே என்றார். இரும்பு, பித்தளை ஒன்றும் உடம்பில் இருக்கக்கூடாது. கிரீடம் போனது. தோள்வளை, ஒட்டியாணம், கழுத்துமணி, ஒவ்வொன்றையும் பிடித்திருந்த ஊக்குகள். "கொலுசு மட்டும் கழத்த மாட்டான் கிருஷ்ணன்" என்று அழுதாள். அதுவும் போனது. கடைசியில் அந்தப் பெரிய இயந்திரத்தின் முன் நின்றது நீல முகமும் நீலக் கையும் கறுத்த உடம்புமாக ஒரு சின்னஞ்சிறு பிள்ளை. என் பெட்டியும் இப்படித்தான் ஒரு திரைக்குள் போனது. அன்று எனக்குக் கோபம் வந்திருந்தது, நேரமாகிறதே என்று.

படம் திரையில் வந்தது. கறுப்பு வெளி. அதில் வெள்ளை விலா எலும்புகள், கிளை கிளையாய். நடுவே ஒரு மங்கலான மேகம்.

"ஒண்ணுமே இல்ல. பேட்டரி உள்ள போகலை" என்றார் மருத்துவர்.

பேச்சி நகரவில்லை. மேகத்தைச் சுட்டி, "இது என்னது சார்?"

"நெஞ்சு. இருதயம்."

"இம்புட்டுத்தானா?" என்றாள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்று பார்த்தாள். நான் நையாண்டியாக ஏதாவது நினைக்க முயன்றேன். ஒன்றும் வரவில்லை.

வெளியே வந்து பேச்சி மறுபடி குனிந்தாள். இப்போது மெதுவாக. "பிள்ளை, அந்த பேட்டரியை என்ன செஞ்ச?"

"கிருஷ்ணனுக்குக் குடுத்தேன்."

அப்படியானால் ஆபத்து இப்போது வேறொரு பிள்ளைக்கு.

"எந்தக் கிருஷ்ணன்?"

"நீலமா இருந்தான்."

"பெறவு?"

"வாயில வெண்ணெய் இருந்துச்சு. சிரிச்சான்."

இத்தனை வருட வேலையில் இதைவிடத் துல்லியமான அடையாளம் பேச்சிக்குக் கிடைத்ததில்லை. மண்டபத்தில் அதே அங்க அடையாளங்களோடு இருபத்தொன்பது பேர். போட்டி அமைப்பாளரை அழைத்தோம். எடுக்கவில்லை. மைக்கைப் பிடித்திருந்தவரே அவர்தான். கீழப்பாவூர் அண்ணாச்சி ஏற்கெனவே வண்டியைக் கிளப்பியிருந்தார்.

பரிசு கொடுக்க நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சி ஈரச் சீருடையோடு மேடையேறி மைக்கை வாங்கினாள். கூட்டம் அடங்கவில்லை. விசிலை எடுத்து ஊதினாள். அருவிக்கரையே அடங்கும் விசில் அது.

"எல்லா அம்மாமாரும் கேளுங்க. ஒரு பொத்தான் பேட்டரியைக் காங்கலை. பிள்ளைய வாயில போட்டிருந்தா உயிருக்கு ஆபத்து. யாரும் வெளிய போவக்கூடாது. உங்க உங்க பிள்ளை வாயை உடனே திறந்து பாருங்க."

மண்டபம் முழுக்க ஒரே குரல்: "வாயைத் திற! வாயைத் திறலே! திறட்டி!"

அங்கே பாதிப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்து வந்தது அதே கதையைத்தான். நாலா பக்கமிருந்தும் பதில் எழுந்தது, ஒத்திகை பார்த்த தாளத்தோடு: "அம்மா, நான் மண்ணைத் திங்கவே இல்லை!"

ஆண்டவனும் ஒரே சமயத்தில் இத்தனை வாயைத் திறந்திருக்கமாட்டான். தாய்மார்கள் விரலை விட்டுத் துழாவினார்கள், செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார்கள். சற்றுமுன் ஒருத்தி பிள்ளையை ஒருத்தி எடைபோட்டவர்கள், இப்போது பக்கத்துப் பிள்ளைக்கும் விளக்குப் பிடித்தார்கள். "என் பிள்ளை சோறே திங்க மாட்டான், பேட்டரியவா திம்பான்?" என்று ஒருத்தி அழுதுகொண்டே அவன் கன்னத்தை அழுத்தினாள். அவல், சீடை, ஆடும் பல் ஒன்று. பேட்டரி இல்லை.

கடைசியில் அடையாள அணிவகுப்பு. கிருஷ்ணர்களை வரிசையாக நிறுத்தினார்கள். யாழினி அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்து நடந்தாள்.

"இவன் இல்ல. இவன் இல்ல. இவன் என்னை அடிச்சான், ஆனா இவன் இல்ல."

வரிசை தீர்ந்தது. அவள் நிற்கவில்லை. நேரே தொட்டிலுக்குப் போனாள்.

"இவன்."

மண்பொம்மையின் வாயில் குவிந்திருந்த வெண்ணெய்க்குள் பேச்சி விரலை விட்டாள். வெள்ளியாய் ஒன்று வெளியே வந்தது.

"எல்லாரும் வெண்ணெயே குடுத்தாங்க" என்றாள் யாழினி. "இவன்கிட்ட லைட்டே இல்ல."

பேச்சி பேட்டரியை என் கையில் வைத்துவிட்டு மேடைப்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். விசில் கழுத்தில் ஆட, அவ்வளவு பேர் முன்னால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாழினிக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவின் கைகளை விலக்கினாள்.

"நான்தான் திங்கலைன்னு சொன்னேன்லா?"

"சொன்னட்டி. நீ மொதல்லயே சொன்ன."

"இப்போ நீ வாயைத் திற."

பேச்சி அழுதபடியே திறந்தாள். கிருஷ்ணன் எட்டிப் பார்த்தான், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து. நீல விரலால் ஒரு பல்லைத் தட்டிக்கூடப் பார்த்தான். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"உள்ள இருட்டா இருக்கு. குழல்ல லைட் போட்டாத்தான் தெரியும். பெரியப்பா, அந்த பேட்டரியைக் குடுங்க."

விரல்களை இறுக மடக்கினேன். வெண்ணெயில் அது உள்ளங்கைக்குள் வழுக்கியது.

"கையைத் திறங்க பெரியப்பா."

ஐம்பத்திரண்டு வயதில், ஒரு மண்டபம் நிறையத் தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருக்க, கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு சொன்னேன்:

"நான் எடுக்கவே இல்லையே."